1517இல் கிலாபத் கைமாறியதா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் உஸ்மானிய (ஒட்டோமான்) துருக்கியப் பேரரசு பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ஒரு தகவலைத் திருத்த வேண்டும். 1517இல் கெய்ரோவைப் பிடித்த சுல்தான் சலீமிடம், அங்கிருந்த அப்பாஸிய கலீபா மூன்றாம் முதவக்கில் கிலாபத்தை, அதாவது உலக முஸ்லிம்களின் தலைவரான கலீபா பதவியை, முறைப்படி ஒப்படைத்தார் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பலரும் சொல்லும் கதைதான். அந்தக் காலத்து வரலாற்றுக் குறிப்புகளில் அப்படியொரு வைபவமே கிடையாது.

முதவக்கில் இஸ்தான்புல்லுக்குக் கொண்டுபோகப்பட்டது உண்மை. சலீம் 1520இல் இறந்த பிறகு அவர் கெய்ரோவுக்கே திரும்பிவிட்டார். அவரிடம் கொடுப்பதற்கும் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. 1258இல் மங்கோலியர் அப்பாஸியத் தலைநகரான பாக்தாதை அழித்த பின், எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்கள் கெய்ரோவில் வைத்துச் சோறு போட்ட, படையில்லாத கலீபாக்களின் வாரிசு அவர். ஆனாலும் அந்தப் பெயருக்கு மவுசு இருந்தது. டெல்லியில் முகமது பின் துக்ளக் தன் பெயரை எடுத்துவிட்டு கெய்ரோ கலீபா முஸ்தக்ஃபியின் பெயரில் நாணயம் அடித்தார். முஸ்தக்ஃபி 1340இலேயே இறந்துவிட்டார். அது தெரியாமல் டெல்லி அக்கசாலை அவர் பெயரையே பொறித்துக்கொண்டிருந்தது!

சலீமுக்கு முந்தைய உஸ்மானியர்களும் கலீபா என்ற பட்டத்தை அவ்வப்போது போட்டுக்கொண்டவர்கள்தான். பல அரசர்களின் பட்டங்களில் அதுவும் ஒன்றாக இருந்தது, அவ்வளவே. கையளிப்புக் கதை அச்சேறிப் பரவியது 1780களின் கடைசியில். இஸ்தான்புல்லில் ஸ்வீடன் தூதரகத்தில் பணியாற்றிய ஓர் ஆர்மேனியர் பிரெஞ்சில் எழுதிய நூல் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போனது.

ஏன் அப்போது? ரஷ்யாவிடம் தோற்ற உஸ்மானியர்கள் 1774இல் கூச்சுக் கைனார்ஜா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கிரிமியா அவர்கள் ஆட்சியிலிருந்து போனது. அங்குள்ள தாத்தார் முஸ்லிம்களின் மத விவகாரங்களில் மட்டும், கலீபா என்ற முறையில், சுல்தானுக்கு இடம் விட்டார்கள். 1783இல் ரஷ்யா கிரிமியாவையே இணைத்துக்கொண்டது. நிலம் போகப் போக, உலக முஸ்லிம்களின் தலைவர் என்ற உரிமைக்குரல் ஓங்கியது என்பதே என் வாசிப்பு. பால்கனில் பெரும்பகுதியை இழந்த இரண்டாம் அப்துல் ஹமீதுதான் அதை மிகத் தீவிரமாகப் பயன்படுத்தினார். டமாஸ்கஸிலிருந்து மதீனா வரை 1908இல் முடிந்த ஹிஜாஸ் ரயில் பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அனுப்பினார்கள். ஆக, அந்தக் குரலுக்குச் செல்வாக்கு இல்லாமல் இல்லை. சரி, எதுவரை? முதல் உலகப் போரில், 1914இல், உஸ்மானியர்கள் கலீபா பெயரில் ஜிஹாத் அறிவித்தும், பிரிட்டிஷ் இந்தியப் படையின் முஸ்லிம் சிப்பாய்களில் பெரும்பாலோர் அணி மாறவில்லை. 1916இல் உஸ்மானியர்களுக்குக் கீழ் மக்காவை நிர்வகித்த ஷரீஃப் ஹுசைனே சுல்தானுக்கு எதிராகக் கிளம்பினார்.

கட்டுரை 1924 மார்ச் 3ஆம் தேதி, அங்காராவில் துருக்கி நாடாளுமன்றம் கிலாபத்தை ஒழித்ததோடு நின்றுவிடுகிறது. அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். சில நாட்களிலேயே அதே ஹுசைன் தன்னை கலீபா என்று அறிவித்தார். அக்டோபரில் தன் ஹிஜாஸ் (மக்கா, மதீனா பகுதி) அரியணையையே துறந்தார். எகிப்து மன்னர் ஃபுவாதுக்கும் அந்த ஆசை இருந்தது. 1926இல் கெய்ரோவில் கூடிய மாநாடு யாரையும் தேர்ந்தெடுக்காமல் கலைந்தது. இந்தப் பகுதியையும் கட்டுரையாளரிடம் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மேலப்பாளையம்