பூட்டிய வீடுகளும் கணக்கில் வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் படிப்பு பற்றிய விளம்பரங்களும் சிறப்புப் பக்கங்களும் நாளிதழ்களை நிறைக்கும் பருவம் இது. 'குளோபல் ஹெல்த்' எனப்படும் உலகளாவிய சுகாதார முதுநிலைப் பட்டம் பெற்றுத் திரும்பும் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கிறது என்பது பற்றிச் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன். அந்தப் பட்டத்துக்காகக் கோத்தகிரியில் உள்ள ஒன்றரை ஏக்கர் தேயிலையையும் வீட்டுப் பத்திரத்தையும் வங்கியில் வைத்த தகப்பன் நான்; நீலகிரி மாவட்டத்தில் 31 ஆண்டுகள் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனும்கூட.

என் மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். 2022 செப்டம்பரில் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்த ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தாள். அதற்கு முன் கோவையில் ஒரு கல்விக் கண்காட்சிக்கு நாங்கள் இருவரும் போயிருந்தோம். அங்கே கொடுத்த வழவழப்பான கையேட்டில், இந்தத் துறையில் படித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வேலையிலோ மேற்படிப்பிலோ இருப்பதாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே சிறிய எழுத்தில் இருந்ததை அன்று நான் படிக்கவில்லை. பணிக்காலம் முழுவதும் பிறர் கொண்டுவந்த கணக்கைத் துருவித் துருவிப் பார்த்தவன், சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டைவிட்டேன் என்பதைச் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டும்.

பந்தலூர் பகுதித் தோட்டங்களில் போலியோ சொட்டு மருந்துக்காக, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போகும்போது, எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்துவிட்ட வீட்டின் கதவில் சாக்பீஸால் 'பி' என்றும், பூட்டிக் கிடக்கும் வீட்டில் 'எக்ஸ்' என்றும் எழுதுவோம். 'எக்ஸ்' போட்ட வீட்டுக்குக் தேயிலைக் கொழுந்தை எடைபோடும் இடத்திலிருந்து ஆட்கள் திரும்பும் நேரம் பார்த்து மறுபடியும் போயாக வேண்டும். பூட்டிய வீட்டை மருந்து கொடுத்த வீடாக எழுதிக்கொண்டு வந்தால் அன்று மாலையே மருத்துவ அலுவலர் முன்னால் நிற்க வேண்டிவரும். பல்கலைக்கழகங்கள் சொல்லும் சதவீதத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த 'எக்ஸ்' வீடுகள்தாம் நினைவுக்கு வருகின்றன. பிரிட்டனில், படிப்பு முடிந்து ஏறத்தாழ 15 மாதங்கள் கழித்துப் பட்டதாரிகளுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பி நிலையைக் கேட்கிறார்கள். பதில் சொல்வது அவரவர் விருப்பம். நல்ல வேலையில் இருப்பவர் இரண்டு நிமிடத்தில் பதில் அனுப்பிவிடுவார். வேலை தேடி அலுத்து ஊருக்குத் திரும்பி, உறவினர் விசாரிப்புக்குப் பயந்து திருமண வீட்டுக்குக்கூடப் போகாமல் இருப்பவர் அந்த மின்னஞ்சலைத் திறப்பாரா? அமெரிக்காவில் பொதுச் சுகாதாரப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, பட்டதாரிகளில் 80 சதவீதம் பேராவது ஓராண்டுக்குள் வேலையிலோ மேற்படிப்பிலோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ஆனால் வேலை கிடைக்காமல் இன்னொரு படிப்பில் சேர்ந்தவரும் அங்கே வெற்றிக் கணக்கில்தான் வருகிறார்.

பதில் சொன்னவரின் கதையும் முழுமையானதன்று. என் மகள் 2023 செப்டம்பரில் படிப்பை முடித்தாள். அங்கே சுகாதாரத் திட்டங்களில் நுழைய இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் கேட்டார்கள். ஏற்கெனவே வேலை விசா வைத்திருப்பவரையே அழைத்தார்கள். எட்டு மாதம் முதியோர் இல்லம் ஒன்றில் இரவுப் பணி பார்த்தாள். முதியவர்களைக் குளிப்பாட்டி, படுக்கை மாற்றி, மருந்து கொடுக்கும் அந்த வேலை கண்ணியமானது. ஆனால் அதற்குப் பி.எஸ்சி.யே அதிகம். பிறகு தாயகம் திரும்பி, 2024 ஆகஸ்டில் டெல்லியில், அமெரிக்க நிதியில் நடந்த காசநோய்த் திட்டம் ஒன்றில் ஒப்பந்தப் பணியில் சேர்ந்தாள். அந்த டிசம்பரில் பல்கலைக்கழகக் கேள்வித்தாள் வந்தபோது, துறை சார்ந்த முழுநேர வேலையில் இருப்பதாக மகிழ்ச்சியோடு பதில் எழுதினாள். 2025 ஜனவரி கடைசி வாரத்தில் பணியை உடனே நிறுத்தும்படி அலுவலகத்துக்கு ஆணை வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஏட்டில் அவள் இன்றைக்கும் துறை சார்ந்த வேலையில்தான் இருக்கிறாள்.

அது அவள் ஒருத்திக்கு நேர்ந்தது அன்று. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் வெளிநாட்டு உதவிகளை 90 நாள்களுக்கு நிறுத்தினார். அன்றே உலகச் சுகாதார நிறுவனத்திலிருந்து விலகும் ஆணையிலும் கையெழுத்திட்டார். மார்ச் மாதத்தில், அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான 'யுஎஸ்எய்ட்' திட்டங்களில் 83 சதவீதம் ரத்தானதாக அந்நாட்டு வெளியுறவு அமைச்சரே அறிவித்தார். ஜூலை 1 முதல் அந்த அமைப்பு தனியாக இயங்குவது முடிந்துபோயிற்று. பிரிட்டனும் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027க்குள் 0.3 சதவீதமாகக் குறைப்பதாகச் சொல்லிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2026–27க்கான வரவு செலவுத் திட்டத்தை, முதலில் உத்தேசித்த 530 கோடி டாலரிலிருந்து 420 கோடி டாலராகச் சுருக்கிக்கொண்டது. இதனால் பத்துப் பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து, புதிய பட்டதாரிகள் விண்ணப்பிக்கும் அதே இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு வேலைவாய்ப்புச் சதவீதமாக 2025 ஜனவரிக்கு முந்தைய எண்ணையே யாரேனும் காட்டினால், அது எந்த ஆண்டு முடித்தவர்களின் கணக்கு என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

வங்கி காத்திருக்காது. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும்தான் பொதுவாகக் கல்விக் கடனுக்கு அவகாசம். அதாவது கேள்வித்தாள் வருவதற்கு மூன்று மாதம் முன்பே தவணை தொடங்கிவிடுகிறது. அவகாசக் காலத்தின் வட்டியும் சேர்ந்து எங்களுக்கு மாதம் 32 ஆயிரம் ரூபாய், 15 ஆண்டுகளுக்கு. பசுந்தேயிலை விலை மலையில் உள்ள எல்லோருக்கும் தெரியுமாதலால் அதை இங்கு எழுதவில்லை.

சரி, உள்ளூரில்தான் வேலை இல்லையா என்றால், வேலை மலைபோல் இருக்கிறது. 1897இல் ரொனால்ட் ராஸ் மலேரியாவை ஆராய வந்து, தாமே அந்தக் காய்ச்சலில் விழுந்தது நம் சீகூர் பகுதியில்தான். அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில் 2018இல் நிபா வைரஸ் காய்ச்சல் பரவியதிலிருந்து, அங்கே அது தலைகாட்டும் போதெல்லாம் நாடுகாணி, பாட்டவயல் சோதனைச்சாவடிகளில் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்க்க வேண்டியிருக்கிறது. பணியர், இருளர் உள்ளிட்ட பழங்குடியினரிடையே காணப்படும், பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகையை 2047க்குள் ஒழிக்க 2023 ஜூலை 1 அன்று தேசியத் திட்டமே தொடங்கப்பட்டுள்ளது. ரத்தம் எடுத்து, முடிவை அட்டையில் எழுதி, மணம் பேசும் இருவரும் நோய்க்கூறு தாங்கியவர்களாக இருந்தால் திருமணத்துக்கு முன் பக்குவமாக எடுத்துச் சொல்லி, காடு மாறிப் போன குடும்பத்தை மறுபடி தேடிப் பிடித்து, வந்த எண்களை ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கிராம சுகாதாரச் செவிலியர் தம் நூறு வேலைகளுக்கு நடுவே செய்துகொண்டிருக்கிறார். இந்தப் படிப்பில் கற்றுத்தருவது ஏறக்குறைய இதைத்தான். என் மகளின் பாடக் குறிப்புகளை வாங்கிப் படித்தபோது, நாங்கள் கால்நடையாகக் கற்றதை அழகான படங்களாகப் போட்டிருக்கிறார்களே என்று தோன்றியது.

ஆனால் அந்தப் பட்டத்தின் பெயரில் பணியிடம் இல்லை. 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாகாணம் நம்முடையது. தனிப் பொதுச் சுகாதாரத் துறைக்காகப் பிற மாநிலத்தார் நம்மைப் புகழ்கிறார்கள். அத்துறையின் சுகாதார அலுவலர் பதவிகள் எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கே உரியவை, அதில் எனக்குக் குறையேதும் இல்லை, நல்ல மருத்துவர்களின் கீழ்தான் நான் வேலை செய்தேன். அவர்களுக்கும் ஆய்வாளருக்கும் இடையே, புள்ளிவிவரத்தையும் நோய்ப் பரவலையும் அலசிப் பார்க்கும் பணிகள் மருத்துவரல்லாதவருக்குத் திறந்திருக்கும் இடங்களில் பெரும்பாலும் பதினொரு மாத ஒப்பந்தமாகவே இருக்கின்றன. 2022 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்நாட்டு ஓராண்டு முதுநிலைப் பட்டத்துக்கு இங்கே அங்கீகாரம் உண்டு. ஆகவே பட்டம் செல்லும். உட்கார நாற்காலி இல்லை. என் மகள் செவிலியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு நிலத்தை அடமானம் வைத்திருக்க வேண்டியதில்லை. இப்போது கோவையில் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள்.

தமிழக அரசு, பழங்குடியினர் வாழும் வட்டாரங்களிலேனும் ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் என்று, பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டம் பெற்ற மருத்துவரல்லாதோருக்கு நிரந்தரப் பணியிடம் உருவாக்க வேண்டுகிறேன். திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் வேலூரிலும் இதே துறையை நன்றாகக் கற்றுத்தருகிறார்கள். அங்கே படித்து வருபவர்களுக்கும் இது பொருந்தும். தங்கள் நாளிதழும், வெளிநாட்டுக் கல்விச் சிறப்புப் பக்கங்களில் சதவீதத்தை வெளியிடும்போது, எத்தனை பேரிடம் கேட்டார்கள், எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் கேட்டு வாங்கிப் போட வேண்டும்.

எங்கள் ஊரில் ஒரு தம்பி வரும் செப்டம்பருக்கு இதே படிப்பில் இடம் கிடைத்த கடிதத்தோடு போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். போகாதே என்று நான் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினோம்: 2024இல் முடித்த இந்திய மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் பதில் அளித்தவர் எத்தனை பேர், ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் சுகாதாரத் துறையில் இருப்பவர் எத்தனை பேர். பதிலாகக் கையேட்டின் இணைப்பு ஒன்று வந்திருக்கிறது. மறுபடியும் எழுதியிருக்கிறோம். அவர் முன்பணம் கட்டக் கடைசி நாள் இம்மாதம் 30.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.