மலைமேல் ஓர் இரவு கொடுங்கள்: சுற்றுலா நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சீனாவின் ஹூபேய் மாகாணத்தில் உள்ள ஊதாங் மலையில், அந்தத் தாவோ சமயப் புனித மலையில், என்ன நடந்தது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வாட்ஸாப் குழுவில் நாங்கள் எழுதியதையெல்லாம் படித்தீர்கள். பதிலுக்குக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டீர்கள். அதன்பிறகு சத்தமே இல்லை. அதனால்தான் இந்த மடல். உங்கள் பெயரை நான் போடவில்லை. படித்தால் உங்களுக்கே புரியும்.

கோரிக்கை ஒன்றுதான். அடுத்த குழுவையாவது மலைமேல் ஓர் இரவு தங்க வையுங்கள்.

கேபிள் கார் வரிசையிலேயே காலைப்பொழுது கரைந்தது. மேலே இறங்கியதும் உங்கள் வழிகாட்டி கொடியை ஆட்டி, "முக்கால் மணி நேரம்தான்" என்றார். கேபிள் கார் விடும் இடத்திலிருந்து உச்சியில் இருக்கும் பொன் மண்டபக் கோயில் வரை செங்குத்துப் படிகள் என்பது அவருக்குத் தெரியாதா? எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். முழங்கால் வலி உள்ளவர். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சுவாங்கி, உச்சியைச் சுற்றிய மதில்வரை வந்துவிட்டார். உள்ளே போக வேண்டியதுதான் பாக்கி. அப்போது கீழேயிருந்து ஃபோன்: பஸ் கிளம்புகிறது, உடனே இறங்குங்கள். அந்த அம்மா மறுபேச்சில்லாமல் திரும்பி இறங்கினார். "மதிலையாவது பார்த்தேனே" என்றார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

மிங் பேரரசர் யோங்லே காலத்தில், 1416-இல் எழுந்தது அந்த மண்டபம். பொன்முலாம் பூசிய செம்புக் கலவை. பாகங்களைப் பெய்ஜிங்கில் வார்த்து, படகில் கொண்டுவந்து, 1,612 மீட்டர் உயரத்தில் பொருத்தினார்கள். அறுநூறு வருடத்துக்கு முன்னால் அவ்வளவு பாரத்தை அங்கே ஏற்ற முடிந்தது. ஒரு டீச்சரைக் கடைசிப் படிகளில் ஏற்ற உங்கள் அட்டவணையில் கால்மணி நேரம் இல்லை.

அவ்வளவு அவசரமாக எங்கே போனோம்? ஜேட் என்ற பச்சைக்கல் நகை விற்கும் கடைக்கு. அங்கே நாற்காலி, சூடான தேநீர், விளக்கம் சொல்ல ஆள், கடிகாரத்தைப் பார்க்காத வழிகாட்டி. எதையும் வலிந்து செய்யாதே என்பது தாவோ வழி. அதை அந்த வட்டாரத்தில் முழுமையாகக் கடைப்பிடிக்கும் இடம் அந்தக் கடைதான் போலும்.

நீங்கள் மட்டும் என்றில்லை. இப்போது எல்லா நிறுவனத்தின் அட்டவணையும் இப்படித்தான். 'பார்க்கும் இடங்கள்' என்று நீளமாக ஒரு பட்டியல். அதில் பாதி பஸ் ஜன்னல் வழியே. தென்னிந்தியச் சாப்பாடு உண்டு என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். மலையில் எவ்வளவு நேரம் என்பதை எந்த எழுத்திலும் போடுவதில்லை. சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. அதற்காகவா ஹூபேய் வரை போனோம்?

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன்.

மலைமேல் தங்க இடம் இல்லை என்று சொல்லாதீர்கள். மலையிலேயே நான்யான் என்ற இடத்தின் பக்கத்தில் விடுதிகள் இருக்கின்றன. அங்கே தங்கினால் விடியற்காலையில் கூட்டம் சேருவதற்கு முன்னால் நான்யான் கோயிலுக்குப் போகலாம். செங்குத்துப் பாறையை ஒட்டிக் கட்டிய கோயில். அதில் பள்ளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கல் டிராகன் தலையில் ஊதுபத்தி வைக்கப்போய்ப் பலர் விழுந்து செத்ததால், 1673-இல் காங்சி பேரரசர் ஆட்சியில் அதைத் தடை செய்தார்கள். நடக்க முடிந்தவர்கள் அங்கிருந்து விண்வாசல் என்ற மூன்று பழைய கல் வாயில்களைக் கடந்து பழைய பாதையில் உச்சிக்கு ஏறலாம். முடியாதவர்கள் கேபிள் காரில் போய் நிதானமாகப் படியேறட்டும். கீழே ஊதா மேக மாளிகை என்ற தாவோ கோயில் இருக்கிறது, 1413-இல் கட்டியது. எங்களுக்கு அது பஸ் நின்று கிளம்பிய ஒரு நிறுத்தம் மட்டும். மேலே மேகம் மூடிக்கொண்டால்கூட, இரவு தங்கியவர்களுக்கு மறுநாள் காலை என்று ஒரு வாய்ப்பாவது உண்டு.

அறை வாடகை கூடுமென்றால் கட்டணத்தைக் கூட்டுங்கள், கொடுக்கிறோம். கூட்ட மனம் வராவிட்டால் ஜேட் கடையை எடுத்துவிடுங்கள். கமிஷன் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

தயவுசெய்து அடுத்த அட்டவணையை அச்சடிக்கும் முன் 'மலைமேல் ஓர் இரவு' என்ற வரியைச் சேர்த்துவிடுங்கள். சேர்த்ததும் முதலில் அந்த டீச்சருக்குத் தகவல் சொல்லுங்கள். எண் உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அந்தக் குழுவில் வந்த ஒரு பயணி