ஒரு தோணி, ஒரு கொட்டகை: தூத்துக்குடிக் கரையிலிருந்து ஒரு திறந்த மடல்

கரையின் பொறுப்பிலும் பழம்பொருள்களைக் காக்கும் பொறுப்பிலும் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். எந்த அலுவலகம், எந்த இருக்கை என்றெல்லாம் இதில் எழுதப்போவதில்லை. எங்கள் மனு எத்தனை மேசை ஏறி இறங்கியது என்று உங்களுக்கே தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம், கரையேற்றி வைத்திருந்த அந்தப் பழைய சரக்குத் தோணியை உடைத்துவிட்டார்கள். மூன்று நாள் வேலை. முதல் நாள் மேல்பலகை போனது. இரண்டாம் நாள் விலா எலும்பு மாதிரி இருக்கும் வங்குகளைப் பிடுங்கினார்கள். மூன்றாம் நாள் அடிமரமான ஏராக் கட்டையை மின்ரம்பம் வைத்துத் துண்டு துண்டாக அறுத்தார்கள். நல்ல பலகைகளைப் பழைய மரக்கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போனார், மிச்சமெல்லாம் விறகு. உரிமையாளர் மேல் எனக்குக் கோபமில்லை. எங்களுக்காக இரண்டு வருடம் பொறுத்தவர் அவர். "உங்க பேப்பர் வந்துட்டா சொல்லுங்க, ஒரு பைசா வேண்டாம், அப்படியே எடுத்துக்கோங்க" என்றுதான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். பேப்பர் வரவில்லை. இடத்துக்கு வாடகை மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. அவரும் குடும்பம் வைத்திருக்கிறவர்தானே.

நாங்கள் கேட்டது இவ்வளவுதான்: ஒரு தோணி, அது வெயிலிலும் மழையிலும் இற்றுப்போகாமல் இருக்க ஒரு கொட்டகை.

"நாங்கள்" என்றால் யார் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். பதிவு எண் உண்டா, ஆண்டறிக்கை உண்டா என்றும் கேட்டார். அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, இப்போது சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், தோணித் தலைவரான ஒரு தண்டலின் இறப்புக்குப் போன இடத்தில் நாங்கள் ஐந்து பேர் பேசிக்கொண்டிருந்தோம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஆயுள் முழுக்கத் தோணி ஓட்டியவர் அவர். அவருடைய பெட்டியில் பாய் தைக்கும் ஊசி, ஒரு திசைகாட்டி, எண்ணெய்க் கறை பிடித்த கணக்கு நோட்டு, எல்லாம் இருந்தன. மறுநாள் அந்தப் பெட்டி பழைய இரும்புக்காரனிடம் போகவிருந்தது. நாங்கள் கேட்டு வாங்கிக்கொண்டோம். எங்கள் கூட்டம் அன்றைக்குத் தொடங்கியதுதான். ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியர், ஒருவர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவர், ஒருவர் தோணி மாதிரிகளைச் செய்து விற்கும் தச்சர், இன்னொருவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்ந்தவர். நான் தோணிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் கூடுவோம். சங்கம் என்று பலகை மாட்டவில்லை, சந்தாவும் இல்லை.

ஆனால் வேலை செய்திருக்கிறோம். கடற்கரை ஊர்களில் முதியவர்களைத் தேடிப்போய் உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். முன்பக்கத்து அணியம், பின்பக்கத்து அமரம், ஏரா, வங்கு, பருமல், தாமான் என்று உறுப்பு உறுப்பாகச் சொற்களைச் சேர்த்திருக்கிறோம். எந்தக் காற்றுக்கு என்ன பெயர், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் திரும்புவதைத் தண்ணீரின் நிறத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் சொல்லக் கேட்டு ஒலிப்பதிவு செய்திருக்கிறோம். சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை. சொல் நோட்டில் இருக்கிறது, அந்தச் சொல்லுக்குரிய மரத்தைத் தொட்டுக் காட்டத்தான் ஒரு தோணி கேட்கிறோம்.

இனி அந்த வரைபட விஷயம். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

தோணியைப் பாதுகாக்க அனுமதி வேண்டுமென்றால் அதன் வரைபடம் வேண்டும், பொறியாளர் கையெழுத்தோடு மூன்று படிகள் வேண்டும் என்று சொன்னீர்கள். ஐயா, இந்தக் கரையில் கட்டிய பழைய தோணி எதற்கும் தாளில் வரைபடம் கிடையாது. தோணி கட்டும் தச்சரான ஓடாவி முதலில் ஏராவை வைப்பார். அதன் நீளத்திலிருந்து மற்ற அளவெல்லாம் அவருக்குள்ளேயே கணக்காகிவிடும். வங்குக்கு வளைந்த மரமாகத் தேடிப்போய், நிற்கிற மரத்தைப் பார்த்தே இது எந்த இடத்து வங்கு என்று சொல்லிவிடுவார். கயிறும் கோலும் கண்ணும்தான் அவருக்குக் கருவி. 300, 400 டன் சரக்கேற்றி நடுக்கடல் தாண்டிய தோணிகளை இப்படித்தான் கட்டினார்கள்.

இதைச் சொல்லிப் புரியவைக்க எங்களோடு ஓடாவித் தாத்தாவை அழைத்து வந்தோம். எண்பது தாண்டியவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் மஞ்சள் பைக்குள் மரம் செதுக்கும் அவருடைய வாய்ச்சி. காட்டினால் நம்புவார்கள் என்று கொண்டுவந்திருந்தார். காலை பத்து மணிக்கு வந்தோம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு நேரம் என்றார்கள். மூன்று மணிக்கு மீட்டிங் என்றார்கள். நாற்காலி இல்லாமல் வராந்தாப் படியில்தான் உட்கார்ந்திருந்தார். பொழுது போகவில்லை, பக்கத்தில் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் வரைய ஆரம்பித்தார். நாங்கள் ஏதோ கோடு போடுகிறார் என்று இருந்தோம். அரை மணி நேரத்தில் பார்த்தால் தரையில் ஒரு தோணி கிடக்கிறது. ஏரா, இரண்டு பக்கமும் வங்கு வரிசை, அணியத்தின் சாய்வு, சுக்கான் மாட்டும் இடம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் முழக்கணக்கு. எங்கள் ஆசிரியர் நண்பருக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்ட வரைபடம் இதோ இருக்கிறது என்று உள்ளே சொல்ல ஓடினார்.

அவர் திரும்பி வருவதற்குள் ஒரு ஊழியர் வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டார். பெரிய ஆபீசர் வருகிற நேரம், தரை அசிங்கமாக இருக்கிறது என்று சொன்னார்களாம். அந்த ஊழியரைக் குற்றம் சொல்லவில்லை, சொன்ன வேலையைச் செய்தார். தாத்தா எதுவும் பேசவில்லை. வேட்டியில் பட்ட தண்ணீரைத் தட்டிவிட்டு, வாய்ச்சியைத் திரும்பவும் பைக்குள் வைத்தார். பஸ்ஸில் வரும்போது மட்டும், "தண்ணியிலதான போச்சு, சரி விடு" என்றார்.

நான் விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வேறு ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில், பழைய மரப்படகுகளை நேசிக்கும் சிலர் 1975இல் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதற்கு இன்று வட்டாரம் வட்டாரமாகக் கிளைகள் இருக்கின்றன. சியாட்டில் நகரில், யூனியன் ஏரியில் மரப்படகுகளுக்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். அங்கே பழைய படகுகளில் ஏறித் துடுப்புப் போடவும் விடுகிறார்கள். அந்தப் படகுகளில் பல, பணக்காரர்கள் ஓய்வுக்காகக் கட்டியவை. நம் தோணியோ சோறு போட்ட படகு. உப்பும் வெங்காயமும் கூரை ஓடும் கொண்டுபோய், மாசியும் பாக்கும் கொண்டுவந்த படகு.

அவ்வளவு தூரம் போவானேன். எதிர்க்கரை இலங்கையில் வல்வெட்டித்துறை இருக்கிறது. அந்த ஊர்க் கைகள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிப்போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். காற்றை நம்பி, பாயை நம்பிப் போன பயணம். நம் தோணிக்கும் அந்தக் கப்பலுக்கும் கைத்தொழில் ஒன்றுதான், கடலும் ஒன்றுதான்.

இன்னொன்றும் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். அஜந்தா ஓவியத்தில் இருக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, கயிற்றால் பலகைகளைத் தைத்து, கௌண்டின்யா என்ற பாய்க்கப்பலை நம் நாட்டிலேயே கட்டி, 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்த்தார்கள். செய்தி பார்த்த அன்று எங்கள் பெஞ்சில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம். சுவரில் இருக்கும் சித்திரத்திலிருந்து ஒரு கப்பலை எழுப்ப இந்த நாட்டுக்கு மனமும் பணமும் இருக்கிறது. அப்புறம், மரமாகவே கண் முன்னால் நின்ற தோணியை ஏன் விறகாக விட்டோம்? ஆயிரம் வருடம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் எந்தச் சுவரைப் பார்த்துத் தோணி கட்டுவார்கள்?

துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் இருப்பது எங்களுக்கெல்லாம் பெருமை. 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். ஆனால் அந்தக் காலத்தில் நம் கரையில் ஆழம் கிடையாது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போட்டன. சரக்கையும் ஆளையும் அங்கே கொண்டுசேர்த்தவை மரப்படகுகள். ஆழ்கடல் துறைமுகம் 1974இல் வந்தது. அதுவரை இந்த ஊரை உலகத்தோடு கட்டிவைத்திருந்தது மரமும் கயிறும்தான். அதைக் காட்ட ஊரில் எங்களுக்குத் தெரிந்து ஒரு கொட்டகைகூட இல்லை. முத்துக்குளித்த ஊர் என்கிறோம், கடலோடிய இனம் என்கிறோம், மேடை போட்டால் விடிய விடியப் பேசுகிறோம். தோணி உடைபட்ட மூன்று நாளும் அந்தக் கரையில் எங்கள் ஐந்து பேரைத் தவிர யாரும் இல்லை. இதில் உங்களை மட்டும் சொல்லவில்லை, ஊரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சண்டை போட எழுதவில்லை, கேட்கத்தான் எழுதுகிறேன்.

கரையில் இன்னும் ஒரு பழைய தோணி நிற்கிறது. அதன் உரிமையாளரும் தர மனதாக இருக்கிறார். வரும் கச்சான் காற்றுக் காலத்துக்குள் முடிவு தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே காரியம். கரையில் ஓர் ஓரமாக இடம் காட்டுங்கள். நின்றுபோன அந்த மனுவை எடுத்து ஒரு கையெழுத்துப் போடுங்கள். வரைபடம் இல்லை என்ற காரணத்தைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள். வரைபடம்தான் வேண்டுமென்றால், தாத்தா இன்னொரு முறை வரைந்து தரத் தயாராக இருக்கிறார். தாளும் அளவெடுக்கும் ஆளும் நாங்கள் கொண்டுவருகிறோம். அவருக்கு ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். கலப்பத்து வேலைக்குப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் நாங்களே வாங்கிவிடுவோம். இடுக்குகளில் பஞ்சுத்திரியை அடித்து இறக்கவும், குங்கிலியம் காய்ச்சிப் பூசவும் தாத்தாவிடம் கற்றுக்கொள்ள இரண்டு இளைஞர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் ஐ.டி.ஐ. முடித்தவன், நல்ல கை. கூரைத் தகட்டுக்கும் தூணுக்கும் ஊரில் கேட்டுவைத்திருக்கிறோம். தோணி அரசின் பெயரிலேயே இருக்கட்டும், கொட்டகைச் சாவியும் உங்களிடமே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் எங்களுக்குத் திறந்துவிட்டால் போதும்.

ஒரு தோணி, ஒரு கொட்டகை. கச்சான் எழும்பும் முன்னால் பதில் போடுங்கள்.

பணிவுடன்,
தோணிக்காரர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன்,
தூத்துக்குடி