கோவில் வாசலுக்கு ஒரு மரம்: மொரிசியஸ் தமிழ்க் கோவில் நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் தென்காசிக்காரன். எபேன் சைபர் சிட்டியில் வேலை. காத்ர் போர்னில் அடுக்குமாடி வீடு. மனைவி, ஆறு வயது மகளோடு இங்கே வந்து நான்கு வருஷம் ஆகிறது. நீங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கோவில்களைக் கட்டிக் காத்து வருபவர்கள். நேற்று வந்தவன் உங்களிடம் ஒன்று கேட்கலாமா என்று பல நாள் தயங்கினேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஊரில் இருந்தவரை நான் பச்சையைத் தேடிப் போனதில்லை. கதவைத் திறந்தால் வயல், அதற்கு அப்பால் மலை. இங்கே முதல்முறை விமானம் இறங்கும்போது தீவே பச்சையாகத் தெரிந்தது, மனசு நிறைந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அதில் நிறையக் கரும்பு. கரும்புத் தோட்டத்தில் ஒதுங்க நிழல் இல்லை, குழந்தையை விளையாட விடவும் முடியாது. இந்த மண்ணுக்கே உரிய காடு கெடாமல் மிஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா இருக்கிறது, 1994-இல் அறிவிக்கப்பட்டது, 6,500 ஹெக்டேருக்கும் மேல். அருமையான இடம். ஆனால் எங்களிடம் கார் இல்லை. பஸ் மாறிப் போய்வந்தால் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். கோர் தெ கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோவிலுக்குப் படியேறும்போது மட்டும், குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்பது சும்மா சொன்னதில்லை என்று தோன்றும். ஊர்க் காற்று அது.

வார நாட்களில் வேலை முடிந்து வந்த பிறகு, நடந்து போகிற தூரத்தில் எங்களுக்கு மண்ணும் மரமும் இருந்த ஒரே இடம் ஒரு கோவில். வாசலில் பெரிய மாமரம். அதன் வேரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவருக்குத் தமிழில் பேச வராது, தேவாரம் மட்டும் பிசகாமல் பாடுவார். என் மகள் அவரிடமிருந்து மாமரத்துக்கு ‘பியே மாங்’ என்ற சொல்லைக் கற்றாள், இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில். அவர் அவளிடமிருந்து ‘மாம்பிஞ்சு’ என்ற சொல்லைக் கற்றுக்கொண்டார். இருவரும் உதிர்ந்த பிஞ்சுகளை எண்ணி எண்ணி மடியில் கட்டுவார்கள்.

போன வருஷம் அந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். எந்தக் கோவில் என்று சொல்லப்போவதில்லை, கெட்ட எண்ணத்தில் செய்தவர்கள் அல்ல. கார் நிறுத்த இடம் வேண்டும், சருகு விழுந்து மேல்தளத்துத் தண்ணீர்க் குழாய் அடைக்கிறது என்றார்கள். வளாகம் முழுக்க சிமெண்ட் போட்டாயிற்று. இந்த வருஷக் காவடியன்று அந்த சிமெண்ட் தரையில் நின்றேன். விரதமிருந்து, வேல் குத்தி, வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள் வாசலில் நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றி வைத்தார்கள். பையன்கள் ரப்பர் குழாயில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்கள், அது உடனே உடனே காய்ந்தது. தோரணத்துக்கு மாவிலை வேறெங்கிருந்தோ வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த பெருமழையில் அதே இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் தேங்கியது. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் 11 பேர் இறந்ததை நீங்கள் எனக்குச் சொல்லவேண்டியதில்லை, நீங்கள் பார்த்தவர்கள். மழை இறங்க மண் வேண்டும்.

நம் கோவில்களில் மரம் அலங்காரத்துக்கு வைத்ததில்லையே. காஞ்சி ஏகாம்பரநாதருக்குத் தலமரமே மா. தில்லை என்ற ஊர்ப்பெயரே மரத்தின் பெயர். மயிலாப்பூரில் புன்னை, திருவொற்றியூரில் மகிழம். இந்தத் தீவின் தக்கமாக்கா அந்தப் புன்னைக்கு நெருங்கிய உறவு என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மகிழத்தின் உறவு மரங்களும் இங்கேயே காட்டில் உண்டு. கருங்காலியும் உண்டு. நான் வேலை செய்யும் ‘எபேன்’ என்ற பெயருக்கே பிரெஞ்சில் கருங்காலி என்றுதான் பொருள். அங்கே பார்த்த இடமெல்லாம் கண்ணாடிக் கட்டடம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வெட்டிக் கப்பலேற்றத் தொடங்கிய மரம் அது. நாம் இன்றைக்குக் கருங்காலி மாலை தேடி அலைகிறோம். கியூர்பீப் தாவரத் தோட்டத்தில் ஒரு பனையினம் இருக்கிறது, உலகத்திலேயே அந்த இனத்தில் அந்த ஒரு மரம்தான். அதன்முன் நின்றபோது, இந்தத் தீவில் ஒரு மரத்தை வெட்டுவதும் வைப்பதும் வேறு ஊர்க் கணக்கில் வராது என்று பட்டது.

அதனால் கேட்கிறேன். மிச்சமிருக்கும் மண்ணில் இனி சிமெண்ட் போடாதீர்கள். கார் நிற்கிற இடத்துக்குக்கூட நடுவில் புல் முளைக்கிற மாதிரி இடைவெளி விட்டுக் கல் பதிக்கலாம். ஒவ்வொரு கோவிலிலும் இந்த மண்ணின் மரம் ஒன்றைத் தலமரமாக வையுங்கள், தக்கமாக்காவோ கருங்காலியோ. வேம்பு வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவும் இருக்கட்டும், பக்கத்தில் இதுவும் இருக்கட்டும். கன்றுக்கு வனத்துறை நாற்றங்கால்களில் கேட்டுப் பார்க்கலாம். கருங்காலி மெதுவாகத்தான் வளரும், எங்கள் வேலை ஒப்பந்தம் அதற்குள் முடிந்துவிடும். பரவாயில்லை. அப்புறம், சாயங்காலம் பூஜை இல்லாத நாளிலும் வாசல் கதவைத் திறந்து வையுங்கள். அடுக்குமாடியில் வளரும் பிள்ளைகளுக்கு வேறு வாசல் இல்லை.

மாமரம் இருந்த இடத்தில் வெட்டின அடிமரம் இன்னும் கொஞ்சம் சிமெண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி நான்கடிக்கு உடைத்தால் ஒரு குழிக்குப் போதும். எங்களைப் போல வேலைக்கு வந்த ஐந்து குடும்பங்கள் தயாராக இருக்கிறோம். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள், காலை ஆறு மணிக்கே கடப்பாரையோடு வந்துவிடுகிறோம். முதல் வருஷம் தண்ணீர் ஊற்றுவது என் மகளின் பொறுப்பு, அந்தப் பெரியவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பணிவன்புடன்,
காத்ர் போர்னிலிருந்து ஓர் அடியவன்