செந்தில், டயர் வாங்குவதை நிறுத்து

ராயல் ஓக், மிச்சிகன்

அன்புள்ள செந்தில்,

பதில் போட்டு ரொம்ப நாளாயிற்று, திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவள் காலேஜ் சேர்ந்துவிட்டாள். மற்ற கதையெல்லாம் அப்புறம். ரகு போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

1967 செவ்ரலே கமேரோ கார் வாங்கியிருக்கிறாயாம், மானுவல் கியர். கிண்டி ஹாஸ்டல் மாடியில் ஆளுக்கொரு பாதி என்று பேசிய அதே கார், எனக்கு ஒரு வார்த்தை இல்லை! சரி, போகட்டும். கிளட்சை விட்டதும் பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது, அதற்கு அகலமான, ஒட்டுகிற டயர் போடப்போகிறாய் என்றானே, அது நிஜமா? ஆர்டர் கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுத்து.

அந்த வருஷக் கமேரோவுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைதான் (லீஃப் ஸ்பிரிங்). சக்கரம் முன்னே உருளும்போது பின்சக்கர அச்சை மூடியிருக்கும் ஆக்ஸில் கூடு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், முன்னாலிருந்து வரும் தண்டு அதில் சேருகிற பினியன் மூக்கு மேலே எழும். அதை அடக்க வேண்டிய அந்த ஒற்றைப் பட்டை பாம்பு மாதிரி நெளிகிறது. தாங்க முடியாத கட்டத்தில் டயர் பிடியை விடும், பட்டை விசுக்கென்று நிமிரும், டயர் மறுபடி பிடிக்கும், மறுபடி நெளியும். நீ கேட்கிற தடதடப்பு இதுதான். டயர் பிடி கூடினால் முறுக்கமும் கூடும், ஒவ்வொரு அடியும் இன்னும் பலமாக விழும்.

எங்கே விழும் என்பதுதான் என் பயம். யுனிவர்சல் ஜாயின்ட் போகலாம், கிரவுன் பல் உடையலாம், அதெல்லாம் காசோடு போகும். ஆனால் உன் காரில் ஆக்ஸில் ஷாஃப்டை உள்ளே பிடித்து நிறுத்துவது ஒரு சின்னக் கிளிப். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் அப்படியே வெளியே கழன்று வந்துவிடும். பின்சீட்டில் உன் பையன்கள் உட்காருவார்கள், செந்தில்.

இது தெரியாத நோய் இல்லை. 1967-லேயே வேகமான சில கமேரோக்களுக்கு ஆக்ஸில் திரும்பாமல் பிடிக்க வலப்பக்கம் ஒரு தடி போட்டுத்தான் அனுப்பினார்கள். உன் வண்டிக்கு அடியில் அது இருக்கிறதா என்று பார், இருந்தால் கழற்றாதே. 1968-ல் ஷாக் அப்சார்பரை ஆக்ஸிலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாற்றினார்கள், பலமான எஞ்சின்களுக்குப் பட்டைகளையும் கூட்டினார்கள். கரோல் ஷெல்பி, ஃபோர்ட் மஸ்டாங்கை மாற்றிச் செய்த 1965 ஜிடி350-க்கே, ஆக்ஸிலைத் திரும்பாமல் பிடிக்கிற டிராக்‌ஷன் பார் போட்டார். கிரைஸ்லர்காரர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: ஆக்ஸிலைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள். முன்பாதி குட்டையாகி விறைப்பாக நின்றது. எவ்வளவு அழகான யோசனை!

நீ செய்ய வேண்டியது இதுதான். முதலில் பட்டைக் கண்ணின் (பட்டை முனையில் இருக்கும் வளையம்) புஷ், பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ-போல்ட், ஷாக் எல்லாம் சரியா என்று பார். பிறகு டிராக்‌ஷன் பார் போடு. அதில் மலிவானது ஸ்லாப்பர் என்கிற வகை. ஆக்ஸிலுக்கு அடியில் பட்டையோடு சேர்த்து மாட்டுவார்கள், முனையில் ரப்பர் இருக்கும். பினியன் எழப் பார்த்தால் அந்த ரப்பர் மேலே முட்டி நிறுத்தும். ரப்பர் சரியாகப் பட்டையின் முன்கண்ணுக்கு நேர் கீழே இருக்க வேண்டும். வேறு காருக்கான குட்டைப் பாரை மாட்டினால் பட்டையின் நடுவில் இடித்து அதையே வளைத்துவிடும். கடைக்காரர் 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்றால் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு வாங்கு.

கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் கால்ட்ராக்ஸ் என்கிற பாரைப் போடு என்பேன். முன்கண்ணில் கீல் வைத்து, ஆக்ஸில் தள்ளுகிற விசையாலேயே பட்டையின் முன்பாதியை மேலிருந்து அழுத்துகிறது. ஸ்லாப்பர் மாதிரி அடியில் அவ்வளவு தொங்காது. தினமும் ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு இதுதான் சரி.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை இங்கே உட்வர்ட் ரோட்டில் ட்ரீம் க்ரூஸ், பழைய கார்களின் ஊர்வலம். கொலம்பஸிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வா, என் கராஜில் இரண்டு பேருமாக மாட்டிவிடலாம். அதுவரை சிக்னலில் கிளட்சை வெடுக்கென்று விடாதே. அடிப்பக்கத்தைப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்பு, முன்கண் தெளிவாகத் தெரிய வேண்டும். மாலதிக்கும் பையன்களுக்கும் என் அன்பு.

உன்,
குமார்