வேலந்தாவளம் பஞ்சர் கடை அண்ணனுக்கு

ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பாலைவனத்துக்குக் கிளம்பும் முன்தினம், வேலந்தாவளத்தில் ஜீப்புக்குக் காத்துப் பிடிக்க நிறுத்தினேன். நீங்கள் அடியில் குனிந்து பார்த்தீர்கள். மணலில் புதைந்தால் இழுக்க நான் கயிறு மாட்ட நினைத்த கொக்கி, லாரியில் ஏற்றும்போது வண்டியைக் கட்டி வைக்கத்தானாம். புதைந்த வண்டியை அதில் இழுத்தால் பிய்ந்து தோட்டா மாதிரிப் பறக்குமாம். வயிறு கலங்கிவிட்டது. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்ட கொக்கியைக் காட்டினீர்கள். கயிற்றைக் கொக்கியில் மாட்டும் இரும்பு வளையமான ஷாக்கிளின் பின்னை முழுக்க இறுக்கிக் கால் சுற்று தளர்த்தச் சொன்னீர்கள்.

“மணல்ல டயருக்கு 18 பிஎஸ்ஐ காத்து போதும் தம்பி, ரோட்டுக்கு வந்ததும் மறக்காம ஏத்திக்க.”

ஜெய்சால்மர் பக்கத்துச் சாம் மணல்மேட்டில் இரண்டு முறை புதைந்தோம். நீங்கள் கொடுத்த தவிட்டுச் சாக்கை நனைத்துக் கயிற்றின்மேல் போட்டுத்தான் இழுத்தோம். கயிறு அறுந்தாலும் அவ்வளவாகத் துள்ளாது!

காசும் வாங்கவில்லை, டீயும் உங்கள் கணக்கு. பேர்கூடக் கேட்கவில்லை நான். ரொம்ப நன்றிண்ணா. சாக்கு என்னிடம்தான் இருக்கிறது.