மார்வாவ் ஏற்றத்தில் டயரைச் சரிசெய்து தந்த பெரியவருக்கு

பெயர் கேட்க மறந்துவிட்டேன் ஐயா, மன்னியுங்கள்.

போர்ச்சுகல்–ஸ்பெயின் எல்லையோரம், அல்மெய்டாவிலிருந்து எல்வாஷ் வரை கோட்டை ஊர்களைத் தொட்டுத் தொட்டு சைக்கிளில் போனேன். அல்மெய்டா பன்னிரண்டு முனை நட்சத்திரமாகக் கட்டிய ஊர். 1810இல் பிரெஞ்சு முற்றுகையில் வெடிமருந்துக் கிடங்கே வெடித்ததால் சரணடைந்தது.

மார்வாவ் 800 மீட்டருக்கு மேல், பாறை உச்சியில். பாதி ஏற்றத்தில் பின்டயரின் பக்கவாட்டு கிழிந்து, டியூப் கொப்புளம்போல வெளியே தள்ளியது. அதற்கு ஒட்டுப்போட்டுப் பயனில்லை. வெயிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் டிராக்டரை நிறுத்தினீர்கள். உங்கள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை உங்களுக்கு. காலி பால் அட்டைப்பெட்டியைக் கத்தியால் அறுத்து, முனைகளை மழுக்கி, கிழிசலுக்கு உள்பக்கமாக வைத்தீர்கள். நான் காற்றடிக்க அடிக்க, கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்தீர்களே, அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காசு நீட்டினேன். என் விரல்களை மடக்கிவிட்டு, மறு கையில் நாலு அத்திப்பழம் வைத்தீர்கள்.

அந்த அட்டை எல்வாஷ் வரை தாங்கியது ஐயா. 843 வளைவுகளோடு நிற்கும் அமொரெய்ரா நீர்ப்பாலத்தின் நிழலில் உட்கார்ந்துதான் கடைசி அத்திப்பழத்தைத் தின்றேன். ரொம்ப நன்றி.